சவரக் கண்ணாடி

பன்னிரண்டு முட்டை வைத்தேன்.
பதினெட்டாம் நாள் புயலில்
கெம்ச்சி முழுக்கக் கரண்ட் போனது.
ஆறு மணி நேரம்
இன்குபேட்டர் வெறும் பெட்டியாக இருந்தது.

இருபத்திரண்டாம் நாள் விடியலில்
ஒரே ஒரு நீல ஓடு விரிந்தது.
நமுத்த தீக்குச்சி மாதிரி
ஒன்று வெளியே வந்து விழுந்தது.
மற்ற பதினொன்றையும்
ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டேன்.
அப்புறம் ஆப்பிள் மரத்தடியில் குழி தோண்டினேன்.

அன்றைக்கு அது கத்திய கத்தல்!
கட்டைவிரல் உடம்புக்குள்
படகுத்துறைச் சங்கு.
பல்பைத் தாழ்த்தினேன், கத்தியது.
உயர்த்தினேன், கத்தியது.
முப்பத்தைந்து டிகிரி சரியாக இருந்தது.
அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்டினேன்.
குடித்தது,
அண்ணாந்தது,
கத்தியது.

எதிர்வீட்டு ஒத்திலியா
நனைந்த கோட்டோடு வந்து எட்டிப் பார்த்தாள்.
"அதுக்குக் குளிர் இல்லை, ஹெரால்டோ.
ஆள் இல்லை."
தன் அடைக்கோழியின் வயிற்றுக்கடியில்
ராத்திரியோடு ராத்திரியாகச் செருகிப் பார்த்தாள்.
காலையில் திருப்பிக் கொண்டுவந்தாள்,
உச்சந்தலையில் ஒரு ரத்தப் பொட்டு.
கோழிக்கும் எண்ணத் தெரியும் போல.

குளியலறை ஆணியிலிருந்து
சவரக் கண்ணாடியைக் கழற்றினேன்.
அட்டைப் பெட்டிக்குள் சாய்த்து வைத்தேன்.

கத்தல் நின்றது.

எதிரே இன்னொன்று!
இது நகர்ந்தால் அதுவும் நகர்கிறது.
இது தவிட்டைக் கொத்தினால்
அதற்கும் அதே நொடி பசிக்கிறது.
சாயங்காலம்
அதன் தோளில் தோள் வைத்து
கண் சொருகித் தூங்கிவிட்டது.

ஆனால் கண்ணாடி சில்லிட்டிருக்குமே.
அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.
வெந்நீர்ப் பையைக் கம்பளிக் காலுறையில் சுற்றி
கண்ணாடியின் முதுகுக்குப் பின்னால் வைத்தேன்.
கொஞ்ச நேரத்தில்
பிம்பத்துக்குச் சூடு வந்தது.

மூன்று மணிக்கொரு தடவை
கெட்டில், பை, காலுறை.
பகலில் ஒத்திலியா, இரவில் நான்.
குனிந்து மாற்றும்போதெல்லாம்
இரண்டு குஞ்சுகளுக்கு மேலே
தூக்கம் கெட்ட ஒரு பெரிய முகம்.

எட்டு டிகிரி ஹாலில்
சால்மன் மீனுக்கு முள் எடுப்பவன் நான்.
கண்ணாடி இல்லாமல் மழித்த தாடையில்
தினம் ஒரு கீறல்.
"வீட்டுக்குப் புதுசா யாராவது வந்திருக்காளா?"
சிரித்தார்கள் லைனில்.
வந்திருக்கா என்றேன்.
கோபக்காரி என்றேன்.

மூன்றாம் வாரம் மறுபடி கரண்ட் போன இரவு.
விறகும் ஈரம், கெட்டிலும் ஆறிப்போயிருந்தது.
ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டு
நாற்காலியில் உட்கார்ந்தே கிடந்தேன்,
புரண்டுவிடுவேனோ என்ற பயத்தில்.
என் நெஞ்சு அடித்துக்கொள்வது
அதற்கு எவ்வளவு இரைச்சலாக இருந்திருக்கும்.
அது தூங்கியது.
வயிற்றில் ஈரமாக ஒரு எச்சமும் போட்டது.

எட்டாம் வாரம்
வேலிமேல் ஏறி நின்று
கோபக்காரி
துருப்பிடித்த கதவு போலக் கூவினாள்.
சேவல்!
ஒத்திலியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

முற்றத்தில் மற்ற கோழிகள் ஒரு பக்கம்,
அவன் ஒரு பக்கம்.
விறகுக்கார சிக்ஸ்தோவின் ட்ரக் வந்தால் மட்டும்
சக்கரத்தின் வெள்ளி மூடிக்குப் பக்கத்தில் போய்
தோளோடு தோளாக நிற்பான்.
ட்ரக் கிளம்பினால்
சேற்றில் கொஞ்ச தூரம் ஓடுவான்.
ஏன் சிரிக்கவில்லை என்று கேட்டார் சிக்ஸ்தோ.

மே மாதம்.
பக்கவாட்டில் அடிக்கும் மழை.
டார்ச்சோடு கூண்டுக்குள் எண்ணப் போனேன்.
குறுக்குக் கழியில் ஏழு முதுகுகள்.
நான்காவது முதுகு
இரண்டு பக்கமும் அழுந்திப் பிதுங்கி
எது யாருடைய இறகு என்றே தெரியவில்லை.
டார்ச்சை அணைத்தேன்.
கொஞ்ச நேரம் இருட்டிலேயே நின்றேன்.

உள்ளே வந்து
கண்ணாடியைப் பழைய ஆணியில் மாட்டினேன்.
கீழோரத்தில் காய்ந்த எச்சம், ஒரு கோடு.
துடைக்கத் துணி எடுத்த கை
தானாகப் பின்னால் போய்
அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தது,
சூடு இருக்கிறதா என்று.